பச்சைப்பால் கட்டி

எர்மெலிந்தா என்ற பெயரைத் தொமித்திலா முதன்முதலில் கேட்டது ஆப்பிள் பேக்கிங் ஷெட்டின் ஒலிபெருக்கியில். மூன்று தடவை கூப்பிட்டார்கள். எர்மெலிந்தா ஓச்சோவா ஏழாம் பெல்ட்டுக்கு வரவும் என்று. முதல் தடவை யாரும் தலை நிமிரவில்லை. மூன்றாம் தடவை கூப்பிடும்போது கூப்பிட்ட குரலுக்கே சலித்துவிட்டது.

ஏழாம் பெல்ட்டில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. ஆப்பிளுக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. பக்கத்து இடம் தொமித்திலாவுடையது. காலையிலிருந்து இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்து அவளுக்குத் தோள்பட்டை இற்றுவிட்டது. புதிதாக வந்து மூன்று நாள்கூட ஆகாத பெண், பெயர்கூட இப்போதுதான் தெரியும், இப்படி நழுவிப் போனால் எப்படி என்று வைதுகொண்டே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனாள்.

கடைசிக் கதவின் அடியில் இரண்டு ரப்பர் பூட்ஸ் தெரிந்தன. தட்டினாள்.  மறுபடி தட்டியதும் உள்ளேயிருந்து, கொஞ்சம் இருங்கம்மா, நின்றுவிடும், இதோ வந்துவிடுகிறேன் என்று ஒரு சின்னக் குரல் வந்தது. எது நிற்கும் என்று தொமித்திலா கேட்கவில்லை. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் குரலே போதும்.

ஐந்து மாதம். அகலமான ஏப்ரனைக் கட்டி யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். தெரிந்தால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று பயம். பத்து நாளாக நீர்க்கடுப்பு, முதுகில் குத்தல். பெல்ட்டை விட்டு நடுவில் போக வேண்டுமானால் மேஸ்திரியிடம் கை தூக்கிக் கேட்க வேண்டும். ஆம்பிளை மேஸ்திரி. கூச்சப்பட்டுக்கொண்டு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"தண்ணியே குடிக்காம இருந்தேன். குடிக்காட்டி போக வேண்டாமில்ல" என்றாள், தொமித்திலாவின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது.

தொமித்திலாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். தன் மேல்கோட்டை அவளுக்கு அடியில் விரித்து உட்கார வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் அவள் மயங்கிவிடக் கூடாதே என்று எதையாவது கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினாள். நீ யார் பெண், எந்த ஊர். அப்படிக் கேட்டதில்தான் தெரிந்தது, மெக்சிகோவில், மிச்சோவாக்கான் பக்கம் சபோட்டே கிராமத்துக் கொல்லன் சோனின் கடைக்குட்டி அவள். சோனின் மூத்த பெண்ணைக் கட்டியவன் தொமித்திலாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆக, ஒரு வகையில் சொந்தம்தான். இரண்டு கிராமத்துக்கும் நடுவில் ஓர் ஓடைதான் உண்டு. அங்கே பார்த்துக்கொள்ளாதவர்கள் இங்கே இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில், ஒரு கழிப்பறைக் கதவில் பார்த்துக்கொண்டார்கள்.

பிள்ளை நிற்கவில்லை. நீர்த்தாரையில் பிடித்த தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போய், அந்தக் காய்ச்சலில் கருப்பை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தொமித்திலாவுக்கு அப்போதும் தோன்றியது, பிறகும் பல வருஷம் தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே காரில் வேலைக்குப் போவார்கள், மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். எர்மெலிந்தா வாய்த்துடுக்கு. சாயங்காலம் மூட்டு வலியோடு இறங்கும்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். தொமித்திலா அவளைவிட ஒன்பது வயது பெரியவள் என்றாலும் வாடி போடி என்றுதான் பேச்சு. எர்மெலிந்தாவும் திருப்பி அவளை நீ என்றுதான் சொல்லுவாள்.

எர்மெலிந்தாவுக்கு இரண்டாவதாக உண்டானது மூன்றாம் மாதத்திலேயே போயிற்று. அதற்குக் காரணம் யாரும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரன் அபுந்தியோ திராட்சைத் தோட்டத்தில் நீர் பாய்ச்சுகிறவன், பேசவே காசு கேட்கிற ஆள். அவன் ஒருநாள் எல்லார் முன்னாலும், ஊருக்கெல்லாம் தண்ணி பாய்ச்சுறேன், என் வீட்டுல மட்டும் ஒன்னும் முளைக்கல என்று சொல்லிவிட்டான். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். எர்மெலிந்தா சோளரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, விதைக்கிறவன் ஒழுங்கா விதைச்சானான்னு யாரு பாத்தா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துபோனது. அன்று பாத்திரம் கழுவும்போது அவள் தட்டு ஒன்றைத் தேவையில்லாமல் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தொமித்திலா மட்டும் பார்த்தாள்.

அந்த வருஷம் தொமித்திலாவுக்கு நாலாவதாக ஒரு பெண் பிறந்தது. அதற்கு எர்மெலிந்தாவையே ஞானத்தாயாக வைத்தாள். கையில் பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு பிள்ளையின் மேல் பாத்தியதை இருக்கட்டும் என்று நினைத்தாள். ஒருத்தி பெற்ற பிள்ளையை இன்னொருத்தி ஞானஸ்நானத்துக்கு ஏந்தினால் அன்றிலிருந்து இருவரும் கொமாத்ரே. கூடப்பிறந்தவளிடம் சண்டை போடலாம், கொமாத்ரேயிடம் கூடாது. கூடப்பிறந்தவளை நீ என்று சொல்லலாம், கொமாத்ரேயை நீங்க என்றுதான் சொல்ல வேண்டும். கோவில் படியை விட்டு இறங்கியதுமே அது தொடங்கிவிடும்.

"நேத்து வரைக்கும் என் தலையில பேன் பாத்தவ. இன்னைக்கு நீங்களாம்" என்றாள் எர்மெலிந்தா, படி இறங்கும்போதே.

"வாயை மூடிட்டு வாங்க கொமாத்ரே" என்றாள் தொமித்திலா. சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு மாதம் இரண்டு பேரும் நாக்கு தடுமாறிச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. பழகியபின் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒரு மேஜை போட்டதுபோல ஆயிற்று. நல்ல துணி விரித்த மேஜைதான். ஆனாலும் மேஜை.

மூன்றாவது உண்டானபோது எர்மெலிந்தாவுக்கு இருபத்தொன்பது வயது. இந்தத் தடவை அவள் எதையும் மறைக்கவில்லை. கிளினிக்கில் சொன்னதை எல்லாம் செய்தாள். மாதாமாதம் சிறுநீரைக் குப்பியில் பிடித்துக் கொடுத்தாள். தண்ணீரை வேண்டாவெறுப்பாக மடக்கு மடக்காகக் குடித்தாள். ஆறாம் மாதம் தொடங்கும்போது டாக்டர், முன்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இதுவும் முந்திப் பிறக்க வாய்ப்பு அதிகம், இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் டிரெய்லர் வீட்டில் காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தாள். படுத்துக் கிடப்பது பெல்ட்டில் நிற்பதைவிட அலுப்பு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, கையைத் தலைக்கு மேலே தூக்காதே, கொடி கழுத்தைச் சுற்றும் என்றார்கள். உள்ளாடையில் ஊக்கு குத்திக்கொள், கிரகணம் பிள்ளையைக் கடித்துவிடும் என்றார்கள். எல்லாவற்றையும் செய்தாள். சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு வாரமாக அடித்துக்கொண்டு வந்தாள். முப்பத்தேழு வரைக்கும் போனால் போதும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். முப்பத்தேழு.

பிரிட்ஜின் மேல் கிளினிக் தந்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. கர்ப்பிணிகள் தின்னக் கூடாதவை. அரைவேக்காட்டு இறைச்சி, பச்சை மீன், அப்புறம் மெத்தென்ற பால்கட்டி.

இப்போது தொமித்திலாவின் பால்கட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரன் எலிசேயோ பால் பண்ணையில் கறவைக்காரன். பண்ணைக்காரர் வேலையாட்களுக்கு வெள்ளிக்கிழமை பால் எடுத்துப் போக விடுவார், அவரவர் வீட்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான். அவன் மூடி போட்ட நாலு வாளி கொண்டுவருவான். தொமித்திலா அதைக் காய்ச்ச மாட்டாள். மாட்டு மடிச் சூட்டிலேயே உறைமாத்திரையைக் கரைத்து ஊற்றி, திரிந்ததும் கையால் உடைத்து, உப்புப் போட்டு, துணியில் கட்டி வளையத்தில் அழுத்தி வைப்பாள். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். காய்ச்சினால் ருசி செத்துப்போகும், கட்டியும் ரப்பர் மாதிரி ஆகும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினோரு வீட்டுக்கு விலைக்குப் போய்விடும். கடையில் விற்கிறதை வாங்கித் தின்று நாக்கு மரத்துப்போனவர்கள் அவள் கட்டியை மோந்து பார்த்தே கண் கலங்குவார்கள்.

இருபத்தேழாம் வாரத்தில் ஒருநாள் எர்மெலிந்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒன்னு சொன்னா சிரிக்கக் கூடாது கொமாத்ரே. மூணு நாளா வாயில உங்க கட்டிதான் ஓடுது. தண்ணி சொட்டச் சொட்ட, உப்புக்கூட சரியா எறங்காம இருக்குமே, அது."

வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டே பிறக்கும். இல்லாவிட்டால் தேடிக்கொண்டு முன்னாலேயே வெளியே வந்துவிடும். ஏற்கெனவே இரண்டு பிள்ளை தங்காதவள் கேட்டால் விடுவார்களா. தொமித்திலா அன்றே துணியோடு கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள்.

அபுந்தியோதான், பிரிட்ஜைக் காட்டி, மெத்துக் கட்டி வேண்டாம்னு போட்டிருக்கே என்று இழுத்தான். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

"அது வெள்ளைக்காரங்க திங்கிற, பூசணம் புடிச்ச கட்டிக்குச் சொன்னது. இது மெத்துக் கட்டி இல்ல. புதுசு. காலையில பாலு, மத்தியானம் கட்டி. கெட்டுப்போக அதுக்கு நேரம் எங்க இருக்கு" என்றாள் தொமித்திலா.

எங்கள் பேச்சில் அதற்குப் பெயரே புதுக்கட்டி. புதியது எப்படிக் கெடுதல் செய்யும்.  அபுந்தியோவே கத்தியை எடுத்து அவளுக்கு இரண்டாவது துண்டு அறுத்துக் கொடுத்தான். எர்மெலிந்தா மிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடித் தின்றாள். அவள் அப்படித் தின்பதைப் பார்க்கத் தொமித்திலாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் கட்டி அவளுக்குத்தான்.

முப்பத்தோராம் வாரம் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. உடம்பு வலி, தலைவலி, குளிர். ஊரெல்லாம் சளிக்காய்ச்சல் ஓடிக்கொண்டிருந்த பிப்ரவரி மாதம். தொமித்திலா அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் சூடு பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள், பிறகு தாளை வைத்துக்கொண்டு ஸ்பானியப் பேச்சில் தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாகக் கேட்டாள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா. நாய் பூனை உண்டா. காய்ச்சாத பால், வீட்டில் செய்த பால்கட்டி ஏதாவது சாப்பிட்டாயா.

"இல்லம்மா. கடையிலதான் வாங்குறோம்" என்றாள் எர்மெலிந்தா.

தொமித்திலா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. நர்ஸ் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

காரில் ஏறி வெகுதூரம் வந்தபிறகு எர்மெலிந்தா சொன்னாள், எதற்கு ஊர்வம்பு கொமாத்ரே, விற்கிறது தெரிந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போய்விடும், அதுவும் கட்டியால் ஒன்றும் இல்லை, நாம் எல்லாரும்தானே தின்றோம் என்று. அது நியாயமாகத்தான் இருந்தது. பதினோரு வீட்டிலும் தின்றார்கள், ஒருத்தர்கூட வயிற்றைப் பிடிக்கவில்லை. தொமித்திலா ஆமாம் என்றாள். ஆமாம் என்று சொன்னபோது உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலுக்காக அவள் இன்றுவரைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வயிறு இறுக ஆரம்பித்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கல் மாதிரி ஆகித் தளர்ந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இறுக்கத்தைத் தளர்த்த ஒரு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சலுக்கு ஒரு மருந்து ஏற்றினார்கள். முதல் தடவை நீர்த்தாரைத் தொற்றில்தான் போயிற்று என்று சீட்டில் இருந்ததால் இதுவும் அதுவாகவே இருக்கும் என்று அதற்கான மருந்தைப் போட்டார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அது முளைத்துத் தெரிய நாள் ஆகும் என்றார்கள்.

தொமித்திலா காலை ஷிப்ட் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவாள். கையில் ஆப்பிள் மெழுகு வாடை அப்படியே இருக்கும். அபுந்தியோ நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். எர்மெலிந்தா கண்ணைத் திறந்து பார்ப்பாள், முப்பத்தொன்றும் மூன்று நாளும் என்பாள், மூடிக்கொள்வாள். மறுநாள் முப்பத்தொன்றும் நாலு நாளும் என்பாள். பேச்சு அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கவில்லை.

அந்த நாலாம் நாள் மத்தியானம் நடைவழியில் டாக்டர் அபுந்தியோவை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். நோரா என்ற மொழிபெயர்ப்புக்காரி அவர் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் நம் ஆள்தான், ஹாலிஸ்கோ பக்கம். இந்த மருந்துக்குக் காய்ச்சல் கேட்கவில்லை, பிள்ளையின் இதயம் கண்டபடி ஓடுகிறது, இப்படியே போனால் இன்றைக்கே எடுக்க வேண்டியிருக்கும், எடுத்தால் அதற்கும் அம்மாவுக்கு இருக்கிற நோய் இருக்கும், அது என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அபுந்தியோ தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

டாக்டர் போனதும் தொமித்திலா நோராவிடம் மெதுவாகக் கேட்டாள். நோயின் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது, மருந்துதான் ஏறுகிறதே என்றாள்.

"பேரு தெரிஞ்சாத்தான் எந்த மருந்துன்னு தெரியும் செனோரா. எல்லா மருந்தும் எல்லாத்தையும் கொல்லாது" என்றாள் நோரா.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் தாளோடு உள்ளே வந்தாள். நோராவும் வந்தாள். முதலிலிருந்து அதே கேள்விகள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா. நாய் பூனை உண்டா. எர்மெலிந்தாவின் உதடு வெடித்துக் கிடந்தது. காய்ச்சாத பால், வீட்டில் செய்த பால்கட்டி என்று நோரா கேட்டபோது அவள் பார்வை ஒரு கணம் தொமித்திலா மேல் வந்து போனது.

"இல்ல" என்றாள்.

"நீ பொய் சொல்லாத எர்மே" என்றாள் தொமித்திலா.

 அபுந்தியோ நிமிர்ந்து பார்த்தான். நோரா வாயைத் திறந்து மூடினாள். நர்ஸ், என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டாள். பொய் என்பதை நோரா சொன்னாள். நீ என்பதை எப்படிச் சொல்லுவாள். இங்கிலீஷில் அதற்கு ஒரே ஒரு சொல்தான், நாய்க்கும் அதுதான், மேயருக்கும் அதுதான்.

பிறகு தொமித்திலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எந்தப் பண்ணைப் பால், யார் கொண்டுவருகிறது, காய்ச்சுவது இல்லை, எத்தனை சனிக்கிழமை, முதல் துண்டு யாருக்கு. பதினோரு வீட்டையும் பெயர் பெயராகச் சொன்னாள். ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லும்போது நின்றாள். அந்த வீட்டு மருமகள் திரான்சித்தோவுக்கு ஏழாம் மாதம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதையும் சொன்னாள். நர்ஸ் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை, தேங்க் யூ என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எர்மெலிந்தா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உன்னை யாரு கேட்டா" என்றாள்.

அரைமணி நேரத்தில் மருந்துப் பையை மாற்றினார்கள். மறுநாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. ரத்தத்தில் முளைத்ததும் தெரிந்துபோனது. பச்சைப்பாலில் இருக்கிற கிருமி, குளிரில் வைத்தாலும் சாகாது, பிரிட்ஜுக்குள்ளேயே பெருகும். மற்றவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சளிக்காய்ச்சல் மாதிரி காட்டிவிட்டுப் பிள்ளையைப் போய்ப் பிடிக்கும். முன்னால் ஏற்றிய மருந்து அதன் பக்கத்தில்கூடப் போகாது என்றார்கள். பிள்ளையின் நுரையீரல் முற்றுவதற்கு ஊசி இரண்டு போட்டு, இன்னும் இரண்டு நாள் பிடித்து நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் காலையில் பிறந்துவிட்டது. பெண். மூன்றரை பவுண்டு. உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. அழக்கூட இல்லை, முனகியது. கண்ணாடிப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்.

முன்பே கிளினிக்கில் சொல்லியிருந்தால் என்று தொமித்திலா டாக்டரிடமே கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். முப்பத்தேழு வரை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம் என்றார்.

சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வளையம், துணி எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பதினோரு வீட்டுக்கும் போனார்கள். திரான்சித்தோவுக்கு ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பண்ணைக்காரர் எலிசேயோவை நிறுத்தவில்லை, கறவையிலிருந்து எடுத்துக் கன்றுக்கொட்டில் கழுவப் போட்டார். ஆனால் வேலையாட்கள் யாருக்கும் இனிப் பால் கிடையாது என்று சொல்லிவிட்டார். அதுதான் வினையாயிற்று. கோவிலில் தொமித்திலா உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டார்கள். நம்ம பிள்ளைங்க வாயில இருந்த பாலைப் பிடுங்கிட்டா என்று அவள் காதுபடவே பேசினார்கள்.  

பிள்ளை ஐந்து வாரம் கண்ணாடிப்பெட்டியில் இருந்தது. எர்மெலிந்தாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் தொமித்திலாதான் அவளைக் கூட்டிப் போனாள். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். முதல் இரண்டு வாரம் காருக்குள் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எர்மெலிந்தா ஏறுவாள், கதவைச் சாத்துவாள், ஜன்னலைப் பார்ப்பாள். இலை உதிர்ந்த ஆப்பிள் மரங்கள் வரிசையாக ஓடும். எர்மெலிந்தாவுக்குக் கண் சொருகும்.

மூன்றாம் வாரம் ஒருநாள், ஆஸ்பத்திரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எர்மெலிந்தா பம்பில் தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எடுக்க வேண்டும். களைத்துப்போய் அவளால் குப்பியைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. தொமித்திலா வெளியே நின்றாள்.

"ஏய், உள்ள வா. இந்தக் குப்பியைப் புடி" என்றாள் எர்மெலிந்தா.

தொமித்திலா போய்ப் பிடித்தாள். அடியில் ஒரு விரல்கடை பால் இருந்தது, மஞ்சளாக.

"போயி அந்த நர்ஸைக் கேளு. இதையாவது காய்ச்சாம குடுக்கலாமா, இல்ல இதுக்கும் ஒரு காகிதம் வெச்சிருக்காளான்னு."

தொமித்திலா சிரித்துவிட்டாள். சிரிப்பு எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. குப்பியைக் கீழே போட்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒழுங்கா புடி, கொட்டுனா கொன்னுடுவேன்" என்றாள் எர்மெலிந்தா. நீங்க என்பது அதற்குப் பிறகு அவர்களிடம் திரும்பி வரவே இல்லை. பாதிரியார் ஒருதடவை காதில் வாங்கிவிட்டு முகம் சுளித்தார். இருவரும் கண்டுகொள்ளவில்லை.

குழந்தைக்கு அம்பாரோ என்று பெயர். இடது காது சரியாகக் கேட்காது. நடக்க இரண்டு வயது ஆயிற்று. சளி பிடித்தால் இன்னமும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அவளை ஞானஸ்நானத்துக்கு ஏந்தியது நோரா. தொமித்திலா வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேட்கவும் இல்லை. அவள் இப்போது கடைப்பாலைத்தான் வாங்கி, அதையும் சூடுபண்ணிக் கட்டி செய்கிறாள். நன்றாக இல்லை என்று அவளே சொல்லுவாள். வீட்டுக்கு மட்டும்தான்.

எர்மெலிந்தா அதற்குப் பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. அபுந்தியோவுக்கு வேலை மாறியதும் பள்ளத்தாக்கை விட்டுப் போனார்கள். அவள் இப்போது பாஸ்கோ ஊரில், உருளைக்கிழங்கு ஆலைக்குப் பின்னால் உள்ள டிரெய்லர் வரிசையில் நாலாவது வீட்டில் இருக்கிறாள். பகல் ஷிப்ட் வேலை பார்க்கிறாள், சந்தேகமென்றால் சாயங்காலம் போய் அவளையே கேட்கலாம்.